பன்னிரண்டுக்கு அடுத்து இருபது

மில்வாக்கியில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது,
யாரும் இன்னும் நிரப்பாத படிவம் போல.
நான்காம் மாடி, உரிமையியல் நீதிமன்றம்.
விலங்கு இல்லை, கூண்டு இல்லை, ஜூரியும் இல்லை.
அழுவதற்கென்று ஒருவரும் வரவில்லை.
என் சுருக்கெழுத்துப் பொறி,
பக்கத்தில் இருமல் மிட்டாய் ஒரு டப்பி.

ஒன்பது நாளாக எண்களைத் தட்டுகிறேன்.
ஒரே கட்டடம். வோஸ்கூல் டவர்.
வரி அலுவலகத்துக்குப் போகும்போது
அதற்கு அறுபது வயது, முழங்கால் வலி, ஒழுகும் கூரை,
ஒரு கோடியே பத்து லட்சம் டாலர்.
அங்கிருந்து வங்கி மூன்று தெரு.
மூன்று தெருவைக் கடப்பதற்குள்
தலைக்கு மை பூசி, முதுகை நிமிர்த்தி
ஒன்பது கோடி.

கொதிகலன் அறைக்கு ஆரோக்கிய மையம் என்று பெயர்.
கார் நிறுத்தும் கூரை, தொங்கு தோட்டம்.
மதிப்பீட்டாளர் ப்ரூவிட் ஆறு மணி நேரம் பேசினார்.
"மதிப்பு என்பது ஒரு கருத்து" என்றார்.
தட்டினேன்.
"கருத்துக்கு அளவுநாடா கிடையாது" என்றார்.
அதையும் தட்டினேன்.
தட்டத்தான் சம்பளம். நம்புவதற்குத் தனியாகத் தரமாட்டார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதாம்.
பதினான்கு வருடம் இவர்கள் அதைத்தான் சமைத்தார்கள்,
வங்கி தட்டை நீட்டிக்கொண்டு நின்றது.
அதே வங்கி
என் இரண்டறை வீட்டுக்கு ஆள் அனுப்பியது ஒருமுறை.
சுவரை விரலால் சுண்டிப் பார்த்தான்.
குளியலறையில் உள்ளங்கை அளவு ஈரக்கறை.
நாலாயிரம் கழித்தான்.

பத்தாம் நாள், காஸிமிர் வோய்தாலா.
லிஃப்ட் மெக்கானிக்; முப்பத்தோரு வருடம்.
தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முழங்காலில் மாட்டிக்கொண்டார்.
"கட்டடத்தில் எத்தனை மாடி?"
"எந்தக் கணக்கில், அம்மா?"
நீதிபதி ட்ரம்மல் கண்ணாடியைக் கழற்றினார்.
"பொத்தான் கணக்கில் இருபத்தாறு.
கயிற்றுக் கணக்கில் பத்தொன்பது."

ஒரு டிசம்பர் இரவு, மேலாளர் கூப்பிட்டாராம்.
பதின்மூன்று ராசியில்லை, எடுத்துவிடு.
எடுத்தார்.
எடுத்ததுதான் எடுத்தாய்,
பத்தொன்பது வரைக்கும் எடுத்துவிடு.

காபி டப்பா ஒன்றை மேசையில் கவிழ்த்தார்.
ஏழு பித்தளைப் பொத்தான்கள்.
ஒன்று உருண்டு வந்து
என் பொறியின் காலில் முட்டி நின்றது. பதினாறு.
அந்தச் சத்தத்துக்கு என் பொறியில் விசை இல்லை.
(சத்தம்) என்று போட்டேன்.

ஆட்சேபணை. மறுப்பு. மறுபடி ஆட்சேபணை.
"நீங்கள் மதிப்பீட்டாளரா?"
"இல்லை."
"நில விற்பனை உரிமம்?"
"மீன் பிடிக்கும் உரிமம் இருக்கிறது."
"பிறகு உங்களுக்கு என்னதான் தெரியும்?"
"பன்னிரண்டை விட்டால் பதினோரு அடியில் அடுத்த கதவு.
எட்டு மாடி ஏறியிருந்தால் காது அடைத்திருக்கும்.
எனக்கு ஒருநாளும் அடைத்ததில்லை."

வோஸ்கூல் அதுவரை கைபேசியில் இருந்தார்.
இப்போது நிமிர்ந்து பொத்தான்களைப் பார்த்தார்.
கோபமாக அல்ல;
தொலைந்துபோன மாடிகளை யாரோ
பத்திரமாக வைத்திருந்தது போல.
தாள்களைத் தான் படித்ததில்லை என்றார் பிற்பகலில்,
கையெழுத்து மட்டும்தான் தன்னுடையதாம்.
வரிக்கு வரி தட்டினேன். என் தாளிலும்
அவர் பேச்சு நேர்த்தியாகவே இருந்தது.

தீர்ப்பு ஏப்ரலில்.

வீட்டுக்குப் போகும் பஸ் அந்தத் தெரு வழியாகத்தான்.
இறங்கினேன். செய்திருக்கக் கூடாது.
வாசல் காவலர் ஒரு பையன், கேட்கவில்லை.
லிஃப்டுக்குள் யாரோ விட்டுப்போன ஈரக் குடை.
இருபதை அழுத்தினேன்.

பன்னிரண்டு எரிந்தது, அணைந்தது.
தொண்டை கரகரத்தது.
இருமுவதற்குள்
இருபது.